கேமரா தெரியாத திங்கட்கிழமை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நானும் என் கல்லூரி நண்பனும் பிரவுசிங் சென்டர் நடத்தினோம். கட்டற்ற மென்பொருள் என்றால் எங்களுக்குப் பித்து. யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்பதே பெரிய புரட்சியாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கணினிகளிலும் விண்டோஸை அழித்துவிட்டு, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைப் போட்டோம். யார் எதற்காக மாடியேறி வருகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். கணவர் துபாயில் இருந்தார். குழந்தையை இன்னும் பார்த்ததில்லை. அன்று கேமராவில் காட்டுவதாகச் சொல்லி, கணவரை லீவு போட வைத்திருந்தார் அந்தப் பெண். குழந்தைக்குப் புதுச்சட்டை, கண்ணில் மை.

எங்கள் கேமரா லினக்ஸில் வேலை செய்யவில்லை. என்னென்னவோ தட்டிப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

"போன வாரம் பக்கத்து வீட்டுக்காரவங்க பேசுனப்ப தெரிஞ்சுச்சேங்க?" என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இது சுதந்திரமான மென்பொருள், எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்லை என்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. புள்ள மொகத்த அவுங்க அத்தாவுக்கு எப்பிடிக் காட்டுறது?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டார்.

"நாம யாருக்குடா கடை வச்சோம்?" என்றான் நண்பன்.

அதன்பிறகுதான் வருகிறவர்களைக் கவனித்தோம். பாதிப்பேர் வளைகுடாவில் இருப்பவர்களிடம் பேச வந்தார்கள். மற்றவர்கள் ரிசல்ட் பார்க்கவும் விண்ணப்பம் தட்டச்சு செய்யவும். பேசுவதற்கான கணினிகளில் பழையபடி விண்டோஸைப் போட்டோம். வைரஸ் தொல்லை அதிகமிருந்த தட்டச்சுக் கணினிகளில் மட்டும் லினக்ஸை விட்டுவைத்தோம். கேமரா சிக்கலை லினக்ஸ் ஆர்வலர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் எழுதினோம். முகம் தெரியாத ஒருவர் கேமராவை இயக்கும் நிரலைத் திருத்தி அனுப்ப, நாங்கள் ஓட்டிப் பார்த்துப் பிழை சொன்னோம். சில மாதங்களில் படம் தெரிந்தது. நண்பன் கைதட்டினான். எனக்கு அந்தக் கறுப்புத் திரைதான் நினைவுக்கு வந்தது.

பிறகு அரியலூரில் இன்னொரு கடை திறந்தோம். திறப்பன்று கட்டற்ற மென்பொருள் பற்றி என்னைப் பேசச் சொன்னான் நண்பன். "வேணாம்டா, நீயே பேசு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.