துண்டு மிஞ்சாத ஞாயிறு

எங்கள் சமையலறையில் மிளகாய்த்தூள், தனியா, கடுகு, புளி என்று எல்லா டப்பாக்களின் மூடியும் ஒரே கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல் மெல்லிய பின்னல் தெரியும். கார்பன் ஃபைபர் ஷீட். அசல் இல்லை, அசலைப்போலத் தோற்றம் காட்டும் ஒட்டுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன ரேஸ் கார் ஓட்டுகிறவன் அடுப்படியா என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், எண்ணெய்ப் பிசுக்கு ஒரே துடைப்பில் போகிறது.

என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கார் அலங்காரக் கடை ஒன்றில் வேலை. விடியும் முன் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் பாலகாட்டுக்குத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் சுரங்கத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் தெரிந்தவர்களின் கார்களுக்கு உள்ளே ஷீட் ஒட்டித் தருவார். கதவுப் பட்டை, கியரைச் சுற்றியுள்ள சட்டம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி ஒரு பொட்டு அடியில் போனாலும் ஷீட்டில் அம்மை போட்டதுபோல் கொப்புளம் நிற்கும். அதனால் ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, வியர்க்க வியர்க்க வேலை நடக்கும். ஷீட் இளகச் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடிப்பது என் வேலை.

டாஷ்போர்டை மட்டும் கழற்ற முடியாது, காருக்குள்ளேயே ஒட்டவேண்டும். அதில் இடது பக்கம், முன்சீட்டில் உட்காருகிறவருக்கு நேர் எதிரே, ஏர்பேக் மூடி இருக்கிறது. அதன்மேல் ஒட்டக்கூடாது. மூடியின் ஓரத்தோடு ஷீட்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். கடையில் அவருக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதானாம். வெட்டி எடுத்த துண்டு எனக்கு. என் டப்பா மூடிகளெல்லாம் அப்படி வந்தவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது என் அண்ணனின் கார். செகண்ட் ஹாண்டில் புதிதாக வாங்கியது. அண்ணன் மகளைப் பூதிகோட்டையில் வசதியான விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம், மறுநாள் அண்ணன் வீட்டில் வளைகாப்பு. மத்தியானம் போய் அவளை அழைத்து வரவேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும்போது தன் கார் ஜோராக இருக்கவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஆசை தப்பில்லை. நான் உள்ளே அண்ணனுக்குச் சமைத்துக்கொண்டிருந்ததால் டாஷ்போர்டு வேலையைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார், காரைத் தடவித் தடவிப் பார்த்தார், கிளம்பினார்.

பிறகு கூடத்தைப் பெருக்கினேன். வெட்டி எறிந்த நறுக்குகள் எல்லாம் கிடந்தன. என் துண்டு மட்டும் இல்லை. வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"துண்டு எங்க?"

"இன்னிக்கி இல்ல."

"இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"மச்சான் நடுவுல கோடு வோணாம்னாரு. ஒரே ஷீட்டா ஒட்டிட்டேன்."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். அந்த ஏர்பேக் மூடிக்குப் பின்னால் பை மட்டும் இல்லை, அதை ஊதவைக்கும் வெடிமருந்தும் இருக்கிறது. இடித்த நொடியில் மூடி பிளந்து வழிவிட வேண்டும். மேலே ஒரே ஷீட்டாக இழுத்து ஒட்டியிருந்தால் பை சிக்கலாம், மூடியே பிய்ந்து முகத்துக்கு வரலாம். இதெல்லாம் இவரே எனக்குச் சொன்னதுதான். அண்ணன் மகளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். முன்னால்தான் உட்காருவாள்.

என் அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற வேலை. வெடிமருந்து வைத்தும் வெடிக்காமல் நின்றுபோன குழியை மிஸ்ஃபயர் என்பார்கள். மருந்து வைத்தவன் அடுத்த ஷிஃப்ட் ஆளை நேருக்கு நேர் பார்த்து, எந்த இடம் என்று தன் வாயால் சொல்லவேண்டும். கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் சொன்னவன் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி மேலே வரலாம். அன்றைக்கு ஒருவன் அவசரத்தில் மூன்றாவது ஆளிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டான். மூன்றாவது ஆள் மறந்துவிட்டான். அப்பாவின் டிரில் அந்தக் குழியில் இறங்கியது. அண்ணனும் நானும் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். என் மாமனாரும் சுரங்கத்து ஆள்தான், இவருக்கும் எல்லாம் தெரியும்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். மருமகளை, அண்ணன் மகளைத்தான், கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் அவள் மூன்றாவது ஆள். அந்தப் பெண் பயந்து ரத்த அழுத்தம் ஏறினால் அது வேறு. ஸ்கூட்டர் சாவியை எடுத்து வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

வழியெல்லாம் அவர் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் ஆகாதாம், எத்தனையோ கார்கள் இப்படி ஒட்டி ஓடுகின்றனவாம், நாளைக்கு நிதானமாக எடுத்துவிடலாமாம். அப்பாவின் விரலை எடுத்த அந்த ஆளும் இப்படித்தான் நினைத்திருப்பான் என்றேன். அவர் ஸ்கூட்டரை முறுக்கினார். பங்காரப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் ஆடி அசைந்து போனது. அந்த ரயிலைத் திட்டியதுபோல் நான் யாரையும் திட்டியதில்லை.

பூதிகோட்டை போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் நின்றது. மருமகள் முன்சீட்டில் ஏறிவிட்டாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. சம்பந்தி அம்மா ஆரத்தி சுற்றி முடித்து அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, டாஷ்போர்டு பளபளப்பைப் பார்த்து யார் வேலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்து, மாப்பிள்ளை கைவேலைதான் என்று என் வீட்டுக்காரரைப் பெருமையாகக் காட்டினார்.

எனக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டேன். நான் சொன்னால் செல்லாது, மருந்து வைத்தவர் சொல்லவேண்டும். அவரோ எல்லாரும் புகழ்ந்துகொண்டிருக்கும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வெடி, விபத்து என்று யார் பேசுவார்கள்? அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. இந்த மனிதர் பேசமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நொடியில் அவரை வெறுத்தேன்.

அவர் டிரைவர் பக்கம் போய்க் குனிந்தார்.

"மச்சான், ஒரு மிஸ்ஃபயர்."

கூட்டத்தில் யாருக்கும் அது புரியவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே வற்றியது. இன்ஜினை நிறுத்தினார்.

"எங்க?"

"லெஃப்ட் சைடு. பாப்பாவுக்கு நேர் எதிர்ல. நான்தான் மூடினேன்."

அண்ணன் மகளைப் பார்த்தார், டாஷ்போர்டைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "லெஃப்ட் சைடு. பாப்பாவுக்கு நேர் எதிர்ல," என்றார் மெதுவாக. "கேட்டுக்கினேன் மாப்ள."

மருமகளை நான் இறக்கித் திண்பண்டக் கூடைகளைப் பார்க்கச் சொல்லி அப்பால் அழைத்துப் போனேன். என் வீட்டுக்காரர் ஷீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். காலையில் ஒட்டியதுதானே, உடனே வந்தது. வந்த சத்தம்தான் தெருவுக்கே கேட்டது. சம்பந்தி அம்மாவின் முகம் மாறிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஏன் இப்படிப் பிய்க்கிறார், சகுனம் நன்றாயில்லையே என்றார். இவர் பதில் சொல்ல வாயெடுத்தார், அண்ணன் முந்திக்கொண்டார்.

"எனக்குத்தான் புடிக்கல சம்மந்தி. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

ஷீட் போன இடத்தில் பழைய சாம்பல் நிற மூடியும் அதன்மேல் ஏர்பேக் என்று அச்சிட்ட எழுத்தும் வெளியே வந்தன. சுற்றிலும் பிசின் தடம். பார்க்கக் கேவலமாக இருந்தது. மருமகள் அதற்கு எதிரே போய் உட்கார்ந்து வயிற்றுக்குக் கீழே பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கார் கிளம்பியது. அவர் ஷீட்டைச் சுருட்டி என் கையில் வைத்தார்.

அப்பாவிடம் சொல்லவேண்டியவன் சொல்லாமல் கேஜ் ஏறிப் போனான். என் வீட்டுக்காரர் பூதிகோட்டைவரை வந்து, நாலு பேர் முன்னால் குனிந்து, தன் வாயால் சொன்னார். இழுத்து வந்தது நான் என்பது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.