இறக்கத்தில் நின்ற ரேஸ் வண்டி

முதல் நாள்

நான் கவுண்டரில் நின்ற முதல் நாள் காலையில் ஒருவர் கண் கலங்கியபடி கடைக்குள் வந்தார். துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்திருந்தார். அதைக் கண்ணாடி மேஜை மேல் வைத்து மெல்லப் பிரித்தார். உள்ளே உச்சியில் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "தண்ணி வாணாம்மா. அதே சைஸ்ல புதுசு ஒண்ணு எடுத்துக் குடு, சரியாயிடும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவருக்குச் சரியாகிவிட்டது. தண்ணீரை நான் குடித்தேன்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் இருக்கும் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அது. அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், செயின் ஸ்பிராக்கெட் என்று மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறேன். பால்காரர் வருவார், நெல் வியாபாரி வருவார், வாத்தியார் வருவார். வண்டி ஓடினால் போதும் அவர்களுக்கு. சாமானை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். என் பொறுமையைச் சோதித்தது வேறொரு கூட்டம். பழைய டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிப் பைத்தியங்கள்.

கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு டூ ஸ்ட்ரோக் என்றால் தெரியாது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் எஞ்சின். சத்தம் ஜாஸ்தி, புகை ஜாஸ்தி, மைலேஜ் கம்மி. புகைக்கு அரசாங்கம் விதி போட்டதும் கம்பெனிகள் அந்த பைக்குகளைச் செய்வதையே விட்டுவிட்டன. அவர்கள் விட்டதுதான் தாமதம், நம் ஆட்களுக்குப் பக்தி பிறந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட வண்டியை எல்லாம் தேடிப் பிடித்து, துடைத்து, பெயிண்ட் அடித்து, பெற்ற பிள்ளையைக் கூட அவ்வளவு கொஞ்ச மாட்டார்கள், அப்படிக் கொஞ்ச ஆரம்பித்தார்கள்.

புகை நண்பர்கள்

எங்கள் ஊரில் அந்த மாதிரி ஆட்கள் சேர்ந்து 'கல்வராயன் புகை நண்பர்கள்' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். அரிசி மண்டிக்காரர் ஒருவர், போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர், இவர்களுக்கெல்லாம் குருவாக ஜமால் என்ற மெக்கானிக். வண்டியின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று ஜமால் சொல்லிவைத்திருந்தார். அதனால் மட்கார்டைக் கழற்றுவார்கள், இண்டிகேட்டரைக் கழற்றுவார்கள், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியைக் கூடக் கழற்றுவார்கள். கழற்றியதை எல்லாம் ஒன்றாகத் தராசில் வைத்தாலும் ஓட்டுகிறவரின் தொப்பையில் பாதி வராது. அந்தத் தொப்பையைக் குறைக்க மட்டும் யாரும் மெனக்கெடவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. எல்லா வண்டியும் அந்தக் காலத்தில் சென்னைப் பக்கம் ரேஸில் ஓடி கப் வாங்கியவை. கேட்டால் விற்றவர் அப்படித்தான் சொன்னார் என்பார்கள். இவர்கள் சொல்லும் வண்டி எல்லாம் அன்றைக்கு ஓடியிருந்தால் மைதானத்தில் வேடிக்கை பார்க்க ஆள் நின்றிருக்க இடமே கிடைத்திருக்காது. அதில் இரண்டு வண்டிகள் சின்னசேலம் பக்கம் பால் கேன் கட்டிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டால் முதலாளி என்னைத்தான் கேட்பார்.

அந்தக் குழுவில் ரொம்பத் தீவிரமானவன் சேவியர். வடக்கனந்தல் ஆள், அரிசி ஆலையில் சூப்பர்வைசர், எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவன்தான். பூசையில் கூட அவன் மனசு வெளியே நிறுத்திய வண்டியில்தான் இருக்கும். ஒருநாள் வந்து கேஸ்டர் ஆயில் கேட்டான். பழைய காலத்து ரேஸில் அதைத்தான் பெட்ரோலில் கலப்பார்களாம், எரியும்போது ஒரு வாசனை வருமாம். நான் தெருமுனையில் இருந்த நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பிவைத்தேன். அவன் கேட்டது விளக்கெண்ணெய் என்று புரிந்துகொண்ட கடைக்காரர், எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று அக்கறையாக விசாரித்தாராம். சேவியர் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் ஆயில் பம்ப்பையும் கழற்றிவிட்டான். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்குத் தேவையான ஆயிலைத் தானாக எடுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப் அது. ரேஸ் வண்டிக்கு ஏது பம்ப் என்று ஜமால் கேட்டிருக்கிறார். இனிமேல் பெட்ரோல் டாங்கிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியதுதான். பம்ப் இருந்த இடத்தை மூட ஒரு தகடு வேண்டுமென்று வந்தபோது, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "இப்பத்தான்கா இது நெஜமான ரேஸ் வண்டி" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஸ்டெல்லா

சேவியரின் மனைவி ஸ்டெல்லா கிராம செவிலியர். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் போஸ்டிங். வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில் இருப்பாள். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி வருவாள். அவர்களுடைய மகள் வடக்கனந்தலில் மாமியாரிடம் வளர்ந்தாள். அம்மா வந்ததும் அந்தப் பிள்ளை ஓடி வராது, கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்குமாம். பழகி மடியில் வந்து உட்காருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். இதை ஸ்டெல்லா கோயில் வாசலில் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த வருஷம் இடமாறுதல் கலந்தாய்வு கள்ளக்குறிச்சியில் வைத்திருந்தார்கள். சீனியாரிட்டிப்படி பெயர் கூப்பிடுவார்கள். உள்ளே போய்க் காலியாக இருக்கும் ஊரில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வடக்கனந்தல் பக்கம் ஒரே ஒரு இடம் காலி. ஸ்டெல்லா பெயர் மேலேயே இருந்தது. நேரத்துக்குப் போய் நின்றால் போதும், பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கலாம். முந்தின நாள் மலையில் தடுப்பூசி முகாம் இருந்ததால் காலையில் முதல் பஸ்ஸில் இறங்குவதாக இருந்தாள்.

பஸ் வேண்டாம், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சேவியர் போனில் சொல்லியிருக்கிறான். "பஸ்ஸு உருண்டுக்கினு எப்ப வந்து சேர்றது? அது மலைய வுட்டு இறங்கறதுக்குள்ள நீ ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருப்ப." மனைவி மேல் பாசம் பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டாம். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று புகை நண்பர்களுக்குள் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. எப்படியும் மலைக்குப் போகிறோம், வரும்போது அவளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். ஒற்றை ஆள் ரேஸ் சீட்டைக் கழற்றி அன்றைக்கு ஒருநாள் பழைய சீட்டை மாட்டினான். அதையே பெரிய தியாகமாகக் குழுவில் எழுதியிருந்தான்.

ஏற்றம் அருமையாக நடந்தது. ஜமால் கீழே நின்று கொடி காட்ட, ஸ்டூடியோக்காரர் மேலே நின்று நேரம் குறித்தார். இதுவரை ஏறியவர்களில் சேவியர்தான் முதல். மேலே போட்டோ எடுத்தார்கள். வண்டியோடு, வண்டி இல்லாமல், ஹெல்மெட்டோடு, ஹெல்மெட் இல்லாமல். வெள்ளிமலைக்கு வந்து காத்திருந்த ஸ்டெல்லா ஃபைலை மார்பில் அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறாள். அவள் பார்க்கப் பார்க்கவே முதல் பஸ் கடந்து போயிருக்கிறது.

இறக்கம்

அன்று கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சேவியர்.

"அக்கா, செகண்ட் ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டு இருக்குதா?"

"இருக்குது. இன்னா ஆச்சி?"

"சீஸ் ஆயிடுச்சிக்கா, பிஸ்டன் இறுகிக்கிச்சி. எக்ஸாஸ்ட் பக்கம்தான் புடிச்சிருக்கும். சிலிண்டரு இன்னும் கொதிச்சிக்கினு இருக்குது."

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். மலை இறக்கத்தில் என்றான். ஸ்டெல்லா எங்கே என்று கேட்டேன்.

"அவ ஒரு மொபெட்ல ஏறிப் போய்ட்டாக்கா."

"நீ கூட போவலியா?"

"வண்டிய வுட்டுட்டு எப்படிக்கா வர்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு ஸ்டெல்லா சொல்லித்தான் நடந்தது முழுதாகத் தெரிந்தது.

இறக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல சேவியர் ஆக்ஸிலேட்டர் முறுக்கை முழுக்க விட்டுவிட்டு, கியரிலேயே வண்டியை இறக்கியிருக்கிறான். முறுக்கை விட்டால் பெட்ரோல் உள்ளே போகாது. ஆயில் பெட்ரோலோடு கலந்திருப்பதால் அதுவும் போகாது. பம்ப் இருந்திருந்தால் கொஞ்சமாவது கொடுத்திருக்கும். அதைத்தான் கழற்றித் தகடு போட்டாயிற்றே. மலையில் ஏறுவதற்காக அந்த வண்டியில் என்னென்னவோ செய்தவர்கள், ஏறியது இறங்கவும் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. வறண்டுபோன பிஸ்டன் ஒரு வளைவில் அப்படியே இறுகிக்கொண்டது. பின் சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, வண்டி மலைப்பக்கமாகச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் இதை நான் இப்படி நக்கலாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கால் வைக்கக் கம்பி இல்லாமல் தொங்கிக்கொண்டு வந்த ஸ்டெல்லா ஜல்லியில் விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. சேவியர் எழுந்து ஓடி வந்தான். தன்னைத் தூக்கத்தான் வருகிறான் என்று அவள் கையை நீட்டியிருக்கிறாள். அவன் அவளைத் தாண்டிப் போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டான். பஸ் போய்விட்டது, பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள், என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, கொஞ்சம் சூடு ஆறட்டும், உதைத்துப் பார்க்கலாம் என்றானாம்.

நல்லவேளையாகப் புளி மூட்டை ஏற்றிய மொபெட்டில் மலைக்கார அம்மா ஒருவர் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அதுவும் பழைய டூ ஸ்ட்ரோக்தான். வாரம் தவறாமல் அந்த மலையில் ஏறி இறங்குகிற வண்டி. அதை யாரும் நிறுத்திப் போட்டோ எடுத்ததில்லை. அந்த அம்மா ஒரு மூட்டையை அவிழ்த்து இறக்கி, "வந்து எடுத்துக்கறேன், பாத்துக்கப்பா" என்று சேவியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு போனார். புகை நண்பர்களின் சாதனையாளர் அன்று மத்தியானம் வரைக்கும் புளிக்குக் காவல் இருந்தார்.

கலந்தாய்வு

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். புடவை கிழிந்திருந்தது, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்து முட்டியைக் கழுவி, மெடிக்கலில் பஞ்சும் மருந்தும் வாங்கிக் கட்டு போட்டேன். இந்தக் கோலத்தில் போய் நின்றிருக்கிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. பெயரை ஒரு தடவை கூப்பிட்டு, இரண்டாவது தடவை கூப்பிடும்போது உள்ளே நுழைந்துவிட்டாளாம்.

"அப்பாடா. வடக்கனந்தல் கெடச்சிடுச்சி இல்ல?"

"காலியாத்தான்கா இருந்திச்சி. நான் களமருதூரு கேட்டு வாங்கிக்கினேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. களமருதூர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். வடக்கனந்தல் எங்கே, அது எங்கே?

"அங்க எங்கம்மா வூடு பக்கம்கா. புள்ளைய இட்டுக்கினு போயிடறேன். இவ்ளோ நாளு, மலைதான் எங்கள பிரிச்சி வெச்சிருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கீழ வந்துட்டா எல்லாம் சரியா பூடும்னு இருந்தேன். இன்னிக்கி அந்த ஆளு என்னத் தாண்டிப் போனாரு பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சிது."

டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

புகை நண்பர்கள் குழுவில் விசாரணைக் கமிஷன் நடந்தது. பெட்ரோலில் கலப்படம் என்றார் ஜமால். விளக்கெண்ணெய் பழசு என்றார் மண்டிக்காரர். பின்னால் ஆள் உட்கார்ந்த பாரம்தான் காரணம் என்றார் ஸ்டூடியோக்காரர். அதற்கு நிறையக் கட்டைவிரல் விழுந்ததாகச் சேவியரே சொன்னான்.

பிஸ்டன் வாங்க வந்தபோது

ஸ்டெல்லா பிள்ளையோடு களமருதூர் போன மறுவாரம் சேவியர் வந்தான். முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் வாடித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பழைய பிஸ்டனைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தான். புதுசு போட்டதும் முதல் ஓட்டமே களமருதூருக்குத்தான் என்றான்.

"அந்தப் பக்கம் ரோடு நேரா கெடக்குதாம்கா. மேடு பள்ளமே இல்லியாம். டாப் ஸ்பீடு பாத்துடலாம்."

கட்டிய மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், இவன் ரோடு நேராக இருப்பதைப் பேசுகிறான். ஸ்டாக் இல்லை என்றேன். அவன் என் தலைக்குப் பின்னால் இருந்த ரேக்கைப் பார்த்தான்.

"பின்னால இருக்குதே, அக்கா."

"இருக்குது. உனுக்கு இல்ல."

"நான் இன்னாக்கா பண்ணேன்?"

நடிக்கிறானோ என்று பார்த்தேன். நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஸ்டெல்லாவுக்கு எந்தக் கால்ல அடின்னு சொல்லு. பிஸ்டன எடுத்துத் தரேன்."

சேவியர் வாயைத் திறந்தான். வலது என்று சொல்ல வந்து நிறுத்தினான். இடது என்று சொல்ல வந்து அதையும் நிறுத்தினான். மேஜை மேல் கிடந்த பிஸ்டனைக் குனிந்து பார்த்தான். அதில் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் கீறல் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பான். கொண்டுவந்த பிஸ்டனை எடுக்காமலே வெளியே போனான். உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினானா, வேறு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனானா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை.

கவுண்டரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உடைந்த பிஸ்டனோடு ஒருவர் வந்து நின்றால், வண்டியில் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். சைஸை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.