பேய்ச்சுறாவுக்கு வடம் விட்டவர்

ஆய்வுக் கப்பலின் பின்தளத்தில், வடத்தை விட்டுச் சுருட்டும் விஞ்ச் எந்திரத்தை ஓட்டுபவருக்கென்று ஒரு கூண்டு உண்டு. நாற்காலி, லீவர், மைக், எதிரே கம்பிவடம் சுற்றிய உருளை. வடத்தின் நுனியில் தொங்கும் கேமரா எதைப் பார்க்கிறது என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் பெண் ஆய்வாளரின் திரையில்தான் தெரியும். விஞ்ச்காரருக்கு வயது ஐம்பத்தாறு. இந்தக் கூண்டில் இதுதான் முதல் பயணம்.

அதற்கு முன் இருபது ஆண்டுகள் இழுவை வலைப் படகில் இருந்தார். அங்கே ஒரே பாடம்: வடம் கனத்தால் இழு. வலையில் பேய்ச்சுறாக்களும் வரும். பெயர்தான் சுறா, சுறாவுக்குத் தூரத்துச் சொந்தம். எலும்பில்லாத உடம்பு, எலிவால், முதுகில் விஷமுள். மேலே வருவதற்குள் செத்திருக்கும். விலை போகாது. விஞ்ச்காரர்தான் அள்ளிக் கடலில் வீசுவார்.

ஆய்வாளர் தேடி வந்தது அதையேதான். அந்தக் கடற்சரிவில் பேய்ச்சுறா முட்டையிடுகிறது என்று படத்தோடு காட்டினால் இழுவை வலைக்குத் தடை வரும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் படகுகள் இறங்கிவிடும்.

முதல் நாளே ஒன்று தென்பட்டது. அலை கப்பலைத் தூக்க, வடம் கனத்தது. கேமரா அதே ஆழத்தில் நிற்க வடத்தை விடவேண்டிய நேரத்தில் கை பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டது. கேமரா எகிற, மீன் ஓடிவிட்டது. அதற்கப்புறம் ஏழு நாள் வெறும் சேறு.

ஒன்பதாம் நாள் பிற்பகல், கடைசி இறக்கம். டீ கொண்டுவந்த சமையல்காரர் கேட்டார்: “அண்ணே, கையைக் கட்டிப் போடவா?”

“கட்டினா நீதான் ஓட்டணும்.”

“நானா? பால் பொங்கினாலே பதறுற ஆளு நான்.”

ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழம். ஸ்பீக்கரில் ஆய்வாளரின் குரல் கிசுகிசுத்தது. “அண்ணே, வந்துட்டா. வயித்துக்குக் கீழ ரெண்டு முட்டைப்பை தொங்குது. கேமரா மண்ணுல இடிச்சிரக் கூடாது, மேலயும் போயிரக் கூடாது.”

வடம் கனத்தது. “விடு, விடு” என்று தன் கையிடமே சொல்லிக்கொண்டு வடத்தை விட்டார். அலை இறங்கியபோது சுருட்டினார். மறுபடி விட்டார். பதினேழு நிமிடம். டீயில் ஆடை படிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது.

“மண்ணுல நட்டுட்டா அண்ணே. ரெண்டும் தெளிவா பதிவாகியிருக்கு.”

கேமரா மேலே வந்ததும் அவரைக் கீழே கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார் ஆய்வாளர். இருட்டுக்குள் துடுப்பைச் சிறகாய் அடித்துக்கொண்டு அது வந்தது. முகமெங்கும் தையல் போட்டதுபோல் கோடுகள். கண்கள் பச்சையாய் மின்னின.

“ரொம்ப நன்றிண்ணே. நீங்க இல்லன்னா இந்தப் படமே இல்ல.”

“நான் சொல்லவேண்டியதை நீங்க சொல்றீங்கம்மா. இருபது வருஷம் இதைப் பொணமாத்தான் பாத்திருக்கேன். இன்னொரு தடவை போடுங்க.”

நான்கு தடவை பார்த்தார்.

தடை வந்தது. பழைய படகுக் கூட்டாளி போனில் பிடித்துக்கொண்டார். “எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா.”

“கடல் என்ன அந்தச் சரிவோட முடிஞ்சா போச்சு? முதல்ல இதைப் பாரு” என்று படத்தை அனுப்பினார் விஞ்ச்காரர்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டாளி பதில் அனுப்பினார்: “நாம தூக்கிப் போட்டது இதையாடா?”