சவுக்கு வளையமும் ஃபர்னஸ் மூட்டிய நாளும்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஒன்றில் நான் கான்ட்ராக்ட் ஹெல்பர். புது ஃபர்னஸ் பற்றினால்தான் எங்களுக்கு நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நிறுவ வந்த ஜெர்மன் இன்ஜினீயர் மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் இல்லாமல் மூட்ட முடியாது. அன்றைக்கு விட்டால் அப்புறம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

காலையில் ஃபர்னஸ் பக்கம் போனால் ஒருத்தரும் வேலையில் கை வைக்கவில்லை. ஃபோர்மேன் கன்னியப்பன் கைகட்டி நின்றிருந்தார். ஆரம்பாக்கத்துக்காரர். அவர் சொன்னால்தான் எங்கள் ஷிப்டில் ஸ்பானரே நகரும்.

"இன்னாண்ணே, மூட்டலியா?"

"ஜெர்மன் தொரை ஊட்டுல சாவு, நைனா. கெஸ்ட் ஹவுஸ் கதவுல மலர் வளையம் மாட்டிகீறாங்க. கேட்டாண்ட வர்றப்போ நானே பாத்தேன். சாவு உழுந்த எடத்துல எவனாவது அடுப்பு பத்தவைப்பானா?"

கெஸ்ட் ஹவுஸுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததே இன்ஜினீயர்தான், பாதி முகத்தில் ஷேவிங் சோப்போடு. அவர் மனைவியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விசாரித்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். கிறிஸ்துமஸ் வருகிறதாம். அவர்கள் ஊரில் கதவில் வளையம் மாட்டுவது நல்லதுக்காம். வட்டத்துக்கு முடிவு கிடையாது, பச்சை இலை பனியிலும் வாடாது, அதனால் அது உயிருக்கு அடையாளம் என்றார்.

திரும்பி ஓடிவந்து அப்படியே ஒப்பித்தேன். கன்னியப்பன் அசையவில்லை.

"தொரை நல்லா கீறாரு, சந்தோஷம். அவரு ஊர்ல யாராச்சும் போய்ட்டிருப்பாங்க. நம்மாண்ட சொல்வாங்களா? வளையம்னா சாவுக்குத்தான் நைனா. கல்யாணத்துக்கு எவனாவது வச்சு பாத்துகீறியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "கிட்ட வந்து உன் கண்ணால பாருண்ணே" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே மொத்த ஷிப்டும் வந்தது.

வளையத்தில் பூ என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் சவுக்கு இலை. அவர்கள் ஊர் பைன் மரத்துக்கு இங்கே எங்கே போவது? அவர்கள் ஊரில் வளையத்தில் செருகும் சிவப்புப் பழம் கிடைக்காமல், சுற்றிலும் காய்ந்த மிளகாய் கட்டியிருந்தார் அந்த அம்மா. கேட்டிலிருந்து பார்த்தவருக்கு அது ரோஜாவாகத் தெரிந்திருக்கிறது.

"மிளகா," என்றார் கன்னியப்பன். "திருஷ்டிக்குக் கட்டிகீறாங்க. இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

முடிவில்லாத வட்டம் பற்றி நான் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அந்த அம்மாவயும் இட்டுகினு வா. புது ஊட்டுல மொத அடுப்பு பொம்பள கையாலதான் பத்தவைப்போம். அவங்களே வைக்கட்டும்."

இன்ஜினீயர் எண்ணெய்த் துணி சுற்றிய பந்தத்தை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா நீட்டியதும் பர்னர் குப்பென்று பிடித்தது. கன்னியப்பன்தான் முதலில் கை தட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்குமுன் வந்ததில்லை.

பொங்கலுக்குள் எங்கள் எல்லோருக்கும் வேலை நிரந்தரமானது. இப்போது சூப்பர்வைசராகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆள் தூரத்தில் நின்று பயப்படுகிறான் என்றால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கிட்டே அழைத்துப் போங்கள். அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அதில் கட்டாயம் இருக்கும்.