பொன்னாடையும் நன்றியுரையும்

நேற்றுக் காலையில் பல் துலக்கிக்கொண்டே வாட்ஸாப்பைத் திறந்தால் ஒரு படம். எங்கள் விளையாட்டின் அகில இந்தியச் சம்மேளனத்தை இரண்டாக உடைத்து, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு கோர்ட்டு கோர்ட்டாக ஏறிய இரண்டு தலைவர்களும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். இருவர் தோளிலும் பொன்னாடை. 'ஒற்றுமை மலர்ந்தது' என்று ஒரு வாசகம் வேறு. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

என்ன விளையாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இரண்டு கோஷ்டியும் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் கேஸ் போடும். பந்து உண்டு, வலை உண்டு, அது போதும்.

பொன்னாடையைப் பார்த்ததும் எனக்கு லேக் மார்க்கெட்டின் மல்லிகைப்பூ வாசனை வந்துவிட்டது. வங்காளத்துக்குப் போய், கார்டன் ரீச்சில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்த புதிது. மாநில அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். மாநிலச் சம்மேளனக் கமிட்டியில் ஆடுகிறவர்களுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. "நம்ம மதராஸி தாதா இருக்காரே" என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். தாதா என்றால் அங்கே அண்ணன். ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த நாற்காலிக்கு என்ன வேலை என்று. கூட்டத்துக்கு முன் லேக் மார்க்கெட் போய்ப் பொன்னாடையும் மாலையும் வாங்கி வர வேண்டும், கடைசியில் நன்றியுரை சொல்ல வேண்டும். நடுவில் வாயைத் திறக்கக் கூடாது.

கோமதி எங்கள் பெண்கள் அணியின் கேப்டன். ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். அதற்குத் தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்துத்தானா இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு தேசியப் போட்டி நடத்த வேண்டும்? மாநிலச் செயலாளர் கை காட்டிய பக்கம் போய் ஆடினாள், கோப்பையோடு வந்தாள். வந்த பிறகு செயலாளரே கோஷ்டி மாறிவிட்டார்! அந்தப் போட்டியே செல்லாது, அதில் ஆடியவர்களுக்குத் தடை என்று அறிவித்தவரும் அதே மகானுபாவர்தான். கோமதிக்கோ அந்த மாதம் போனால் வேலைக்கான வயது வரம்பும் தாண்டிவிடும்.

"தாதா, மீட்டிங்ல சொல்லுங்க. எந்தப் பக்கம் ஆடியிருந்தாலும் செல்லும்னு ஒரு தீர்மானம், அது போதும்" என்றாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "மாலை வாங்கறதுக்குத்தான் உங்கள வெச்சிருக்காங்களா?" என்றாள். சுருக்கென்றது.

பெரிய ஹோட்டலில் கூட்டம். கோமதி ஹாலுக்கு வெளியே நின்றாள். தலைவருக்குப் புதுக் கார், கமிட்டிக்கு வெளிநாட்டுப் பயணம் என்று தீர்மானங்கள் வரிசையாக வந்தன. ஒன்றையும் படித்துக்கூட முடிக்கவில்லை, கைதட்டினார்கள், நிறைவேறியது. நான் கை தூக்கும்போதெல்லாம் செயலாளர், "உங்களுக்குக் கடைசியில நேரம் இருக்கே தாதா" என்று உட்கார வைத்தார்.

கடைசியில் மைக் வந்தது. நன்றியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கோமதியின் கதையைச் சொல்லி, தீர்மானத்தையும் வாசித்தேன். அதற்குள் பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நன்றியுரை என்றால் எழுந்துபோகும் நேரம் என்பது அவர்கள் வழக்கம். எழுந்தவர்கள் போகிற போக்கில் பலமாகக் கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள்! வாசலில் கோமதியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். ஓடிப்போய்ச் செயலாளரிடம், "நிறைவேறிடுச்சு, எழுதிக்குங்க" என்றேன்.

அவர் தட்டில், அந்த ஊர்ப் பிரியாணியில் போடும் உருளைக்கிழங்கைத் தேடிக்கொண்டிருந்தார். "அது வேற கைதட்டல் தாதா, நன்றியுரைக்குத் தட்டினது."

"மத்த தீர்மானத்துக்கும் இப்படித்தானே தட்டினீங்க?"

"ஆகே கேயே நின்" என்று ஒரு தட்டை என் கையில் திணித்தார். முதலில் சாப்பிடணுமாம். திரும்பிப் பார்த்தேன், கோமதி கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அப்படியே படியிறங்கிப் போனாள்.

வேலை கிடைக்கவில்லை. இப்போது டாலிகஞ்சில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். நாங்கள் ஆடிய மைதானத்தில் கார்கள் நிற்கின்றன. மாநிலத்தில் பெண்கள் அணியென்று ஒன்று இல்லவே இல்லை. தடைக்கும் கோஷ்டிக்கும் பயந்து பெண்களை யாரும் அனுப்புவதில்லை.

மனசு கேட்காமல் அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது.

"நல்லா இருக்கு தாதா. நன்றியுரை சொல்ல ஆடறவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?"