பக்கத்து அறைப் பாம்புப் புத்தகம்

சங்கரன்கோவிலில் நானும் பக்கத்து அறை டீச்சரும் மூன்றாம் வகுப்பு எடுக்கிறோம். இருவருக்கும் ஒரே அறிவியல் வாசிப்புப் புத்தகங்கள்தான் வந்தன. நான் அட்டை போட்டு பீரோவில் பூட்டினேன். அவளோ பிள்ளைகளுக்கு எட்டும்படி கயிற்றில் தொங்கவிட்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, “புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே டீச்சர்” என்று என்னைத்தான் பாராட்டினார். அவரை மிதப்போடு வழியனுப்பிவிட்டு வந்தால், என் பிள்ளைகளெல்லாம் அவள் வாசலில் மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே ஒரு சிறுமி, கிழிந்து எண்ணெய்க் கறை படிந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “பாம்புக்குப் புற்று கட்டத் தெரியாது. கரையான் கட்டிய புற்றில்தான் குடியேறும்.”

“ஏட்டி, அப்ப நம்ம கோயில் புத்தையும் கரையானா கெட்டுச்சு?” என்று கத்தினாள், என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிராத என் மாணவி.

வயிறு எரிந்தது. அதே புத்தகம் என் பீரோவில் அச்சு வாசனை மாறாமல் கிடந்தது.