நான் அடைத்த ஐந்து வாசல்கள்

சுவிஸில் பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடிக்கு நான்தான் அப்வார்ட், வீட்டுப் பராமரிப்பாளர். கூட்டுவது, திருத்துவது எல்லாம் என் பொறுப்பு. முற்றம் முழுக்கத் தார். கோடையில் வெறுங்கால் வைக்க முடியாது. இடிமழை பெய்தால் தண்ணீர் நேரே நிலக்கீழ்ச் சலவை அறைக்குள் இறங்கும்.

தோட்டமும் முற்றமும் வடிவமைக்கும் படிப்புப் படிக்கும் என் மகள், பாலைவன நகரங்களைப் பற்றி வாசித்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "அங்கயும் இதே கரைச்சல்தான் அப்பா. வருசம் முழுக்க வெயில், பெய்தால் தெருவெல்லாம் ஆறு. மரம் நிக்கிற இடத்தைப் பள்ளமாக்கி, தெருத் தண்ணியை அதுக்குள்ள விடுகினம்."

அதேபோல ஒரு திட்டம் வரைந்து கொடுத்தாள்; வீட்டு நிர்வாகம் செய்துபார்க்க அவளுக்குப் பாதி முற்றத்தைக் கொடுத்தது. சலவை அறை மறுபடி நனைந்தால் தார் திரும்பி வரும் என்றும் சொன்னார்கள். அவள் வரைந்த ஒன்று காகிதத்தை விட்டு வெளியே வந்தது அதுவே முதல்முறை. பள்ளம் வெட்டி, மரமும் புல்லும் நட்டு, சுற்றிவர வைத்த ஓரக்கல்லில் தண்ணீர் உள்ளே வர வாசலாக ஐந்து இடைவெளி விட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவன். வரம்பில்லாத பாத்தியைக் கண்டால் கை சும்மா இருக்காது. மகள் பரீட்சைக்குப் போன அன்று, ஐந்து இடைவெளியையும் மண்ணால் அடைத்து, மண்வெட்டியால் தட்டி, வடிவாக வரம்பு கட்டினேன். அவள் சொன்னது காதில் கிடந்தது, கை கேட்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை.

மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தண்ணீர் என் வரம்பில் முட்டித் திரும்பி, சலவை அறைப் படியை நோக்கிப் போனது. அப்போதுதான் உறைத்தது. ஐயோ, பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டேனே! முழங்காலில் விழுந்து கையாலேயே மண்ணைப் பறித்தேன். முதல் வரம்பு உடைந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று பள்ளத்துக்குள் பாய்ந்தது. ஐந்தாவதை உடைக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதுவும் திட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, மேல்மாடி சுவிஸ் அம்மா பல்கனியில் நின்று கைதட்டினார். படியின் பாதியோடு தண்ணீர் நின்றுவிட்டது.

மாலையில் மகள் வந்து பள்ளத்தைப் பார்த்தாள், பிறகு என் நகங்களைப் பார்த்தாள்.

"வரம்பு கட்டினனீங்களோ?"

"ஓம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கோடை முழுக்கச் சலவை அறை நனையவில்லை. வெக்கை நாட்களில் எல்லாரும் கதிரைகளோடு மரத்தடிக்கு வந்தார்கள். இலையுதிர் காலத்தில் நிர்வாகம் மற்றப் பாதியையும் கொடுத்தது. வேலை தொடங்கிய காலை, எல்லார் முன்னாலும் மகள் என்னிடம் சுண்ணக்கட்டியை நீட்டினாள்.

"வாசல் எங்கெங்க எண்டு நீங்கள் கீறுங்கோ அப்பா. தண்ணி ஓடுற வழியை மழைக்குள்ள நிண்டு பாத்தது நீங்கள்தான்."

ஏழு இடத்தில் கீறினேன். அவள் ஒன்றைக்கூட மாற்றவில்லை.